இடியோசைக்கு நடுங்கும் நாயும் பூனையும்: பயம் எப்படி உருவாகிறது, வீட்டிலேயே எதுவரை தணிக்கலாம்

வெயில் மங்கிக் காற்று திசை மாறுகிறது. முதல் துளி விழ இன்னும் அரை மணி நேரம் இருக்கும். அதுவரை அயர்ந்து தூங்கிய நாய் எழுந்து நிற்கிறது. புழுக்கமே இல்லாத அறையில் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கிறது. கட்டிலுக்கும் கதவுக்கும் நடையாய் நடக்கிறது. வீட்டிலிருப்பவர் காதில் இன்னும் ஓர் உறுமல்கூட விழவில்லை.

இதைப் பார்ப்பவர்களுக்கு வழக்கமாக மூன்று குழப்பங்கள் வருகின்றன. நாய்க்கு எப்படி முன்கூட்டியே தெரிகிறது? பயப்படும்போது அணைத்துக்கொண்டால் பயம் கூடிவிடுமா? மருந்து மாத்திரை இல்லாமல் இதைச் சரிசெய்ய முடியுமா? மூன்றுக்கும் தெளிவான விடை உண்டு. ஆனால் கடைசிக் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி மழையே இல்லாத நாட்களில் செய்ய வேண்டிய வேலை. இடி தொடங்கிய பிறகு செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

## பயம், பதற்றம், மிகையச்சம்

மூன்றையும் ஒன்றாகப் பேசுவதால்தான் தீர்வுகளும் குழம்பிப்போகின்றன.

1. பயம்: கண்ணெதிரே, காதருகே இருக்கும் ஆபத்துக்கு உடல் காட்டும் உடனடி எதிர்வினை. இடி விழுந்ததும் துள்ளி எழுந்து, ஓரிரு நிமிடங்களில் மீண்டும் படுத்துக்கொள்ளும் நாய்க்கு இருப்பது இது. இயல்பானது.
2. பதற்றம்: இன்னும் வராததை எதிர்பார்த்து வரும் தவிப்பு. வானம் இருண்டதுமே நடக்கத் தொடங்கும் நாய் இந்த நிலையில் இருக்கிறது.
3. மிகையச்சம்: ஆபத்தின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத பீதி. கதவைப் பிறாண்டி நகம் பிய்ந்து ரத்தம் வருவது, கண்ணாடி ஜன்னல் வழியே பாய்வது, மழை நின்று சில மணி நேரமாகியும் நடுக்கம் நிற்காமலிருப்பது எல்லாம் இதில் சேரும்.

முதல் நிலைக்குச் சிறு ஆதரவு போதும். இரண்டாம் நிலைக்கு, கீழே வரும் வீட்டு முறைகள் நன்றாக வேலை செய்யும். மூன்றாம் நிலைக்கு அவை துணையாக நிற்கும், தனியாகப் போதாது. உங்கள் பிராணி எந்தப் படியில் நிற்கிறது என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

## புயலில் உண்மையில் பயமுறுத்துவது எது?

மின்னல் பாயும் பாதையில் காற்று சுமார் 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி நொடிப்பொழுதில் விரிகிறது. அந்த வெடிப்புதான் இடி. மிக அருகில் விழுந்தால் ஒலி 120 டெசிபலை எட்டும். இது வெறும் சத்தமாக நிற்பதில்லை. தரையும் கதவும் அதிரும். தரையில் வயிறு பட படுத்திருக்கும் பிராணிக்கு அந்த அதிர்வு உடம்பிலேயே ஏறும்.

நாய்க்குக் காது கூர்மை என்பதால் இடி அதிகம் கேட்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் பாதிதான் சரி. மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாய் சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரையும், பூனை அதையும் தாண்டியும் கேட்கும். ஆனால் இடியின் பலமெல்லாம் தாழ்ந்த, கனத்த அதிர்வெண்களில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் நாய்க்கு மனிதனைவிடக் கூடுதல் திறன் கிடையாது. நாய் நம்மை முந்துவது வேறு வழியில்: மெல்லிய ஒலியை நம்மைவிட நன்றாகப் பிடிக்கிறது, ஒலியோடு கூடவே பல தடயங்களையும் சேர்த்துப் படிக்கிறது.

அந்தத் தடயங்களில் முக்கியமானவை:

- வானம் இருள்வது, மின்னலின் வெட்டு.
- கூரையில் காற்றும் துளியும் எழுப்பும் ஓசை.
- ஈரமண், மின்னல் உண்டாக்கும் ஓசோன் ஆகியவற்றின் வாசனை. மனித மூக்கில் வாசனை ஏற்பிகள் 50, 60 லட்சம் என்றால் நாயின் மூக்கில் 20 கோடிக்கும் மேல்.
- காற்றழுத்தம் இறங்குவது. இதையும் பிராணிகள் உணர்வதாகப் பலரும் கருதுகிறார்கள்.
- வீட்டிலிருப்பவர்கள் அவசரமாக ஜன்னல் மூடுவது, துணி எடுக்க ஓடுவது.

கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதே இல்லை. பத்து முறை ஜன்னல் மூடியதும் இடி வந்திருந்தால், பதினோராவது முறை ஜன்னல் தாழ்ப்பாளின் ஓசையே நாயை நடுங்க வைக்கும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே பயம் வளரும் விதம் இதுதான். முதலாண்டு இடிக்கு மட்டும் பயந்த நாய், மூன்றாம் ஆண்டு மழைக்கும், பிறகு மேகத்துக்குமே பயப்படுவது இதனால்தான்.

இன்னொரு விளைவையும் கவனியுங்கள். தாழ்ந்த அதிர்வெண் ஒலி சுவரையும் கண்ணாடியையும் எளிதில் ஊடுருவும். ஜன்னலை இறுக மூடினால் மழையின் சடசடப்பு குறையும். இடியின் உறுமல் அவ்வளவாகக் குறையாது.

## உடம்புக்குள் நடப்பது

பீதி கிளம்பியதும் அட்ரினலின் பாய்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, கண்மணி விரிகிறது, செரிமானம் நிற்கிறது. கூடவே கார்டிசால் என்னும் ஹார்மோன் உயர்கிறது. இடிக்குப் பயப்படும் நாய்களுக்கு வீட்டில் புயலின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டி, எச்சிலில் கார்டிசாலை அளந்த ஆய்வு ஒன்று 2005 ஆம் ஆண்டு வெளியானது. கார்டிசால் 207 சதவீதம் உயர்ந்தது. 40 நிமிடங்கள் கழித்தும் பழைய அளவுக்கு இறங்கவில்லை. வேறு நாய்களும் உள்ள வீடுகளில் வளர்ந்தவை விரைவாகத் தேறின.

நடைமுறைக்கு இதிலிருந்து கிடைக்கும் செய்தி இரண்டு. முதலாவது, இடி நின்றதும் உடம்பு நிற்பதில்லை. அந்த நாளின் மிச்சத்தில் குளிப்பாட்டுதல், நகம் வெட்டுதல், புது விருந்தாளிகள் எதுவும் வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்றாகப் பாரம் ஏறும். இரண்டாவது, பீதி உச்சத்தில் இருக்கும்போது மூளை புதிதாக எதையும் நல்லபடியாகக் கற்காது. மிகப் பிடித்த தீனியை நீட்டியும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்றால் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். அப்போது பயிற்சி கிடையாது, பாதுகாப்பு மட்டும்தான்.

## அடையாளங்கள்: சத்தமில்லாதவையே முதலில் வரும்

நடுக்கம், மூச்சிரைப்பு, எச்சில் ஒழுகுதல், வாலை இடுக்குதல், பழகிய நாய் வீட்டுக்குள் சிறுநீர் கழித்தல் ஆகியவை எல்லோர் கண்ணிலும் படும். அவற்றுக்கு முன்பே சிறு குறிகள் வருகின்றன: தூக்கமே இல்லாத கொட்டாவி, காலியான உதட்டை நக்குதல், காதைப் பின்னுக்குச் சாய்த்தல், கண்ணின் வெண்பகுதி பிறைபோலத் தெரிதல், கூப்பிட்டால் உடனே திரும்பாமை. இந்தக் கட்டத்திலேயே தொடங்கும் உதவிதான் எடுபடும்.

பூனை வேறு ரகம். அது நடுங்கிக் காட்டாது, காணாமல் போகும். கட்டிலுக்கடியில் உடலைச் சுருக்கிக் கண்மணி முழுக்கக் கறுத்துக் கிடக்கும். அமைதியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது தவறு.

## அணைத்துக்கொண்டால் பயம் கூடுமா?

அதிகமாகாது. பயப்படும் நாயைக் கொஞ்சினால் பயத்துக்குப் பரிசு கொடுத்ததாகிவிடும் என்ற அறிவுரை எத்தனையோ நாய்களை இருட்டில் தனியாக நடுங்க விட்டிருக்கிறது. பரிசு கொடுத்தால் வளர்வது செயல். உட்காரச் சொல்லித் தீனி கொடுத்தால் உட்காருவது கூடும். பயம் செயல் கிடையாது, உணர்ச்சி. அதைப் பரிசால் வளர்க்க முடியாது. முன்சொன்ன ஆய்விலும் வளர்ப்பவரின் நடத்தை கார்டிசாலைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஆனால் அணைக்கும் விதம் ஒன்று உண்டு. நாய் தானாக வந்து ஒட்டினால் இடம் கொடுங்கள். மார்பிலும் தோளிலும் உள்ளங்கையை வைத்து மெல்ல, நீளமாகத் தடவுங்கள். தலையில் தட்டுவதும், இறுகக் கட்டிப் பிடிப்பதும், உயர்ந்த குரலில் பதறிப் பேசுவதும் வேண்டாம். விலகி மறைவிடத்துக்குப் போனால் போகவிடுங்கள். ஒருபோதும் செய்யக்கூடாதவை: அதட்டுவது, அடிப்பது, “பழகட்டும்” என்று பால்கனியிலோ மொட்டை மாடியிலோ நிறுத்தி வைப்பது. தப்பிக்க வழியின்றிப் பயத்தில் முக்கியெடுப்பது பழக்கத்தைத் தராது. ஓய்ந்துபோய் அசையாமல் நிற்பதைப் பார்த்துத் தெளிந்துவிட்டது என்று நினைப்பது பெரிய பிழை.

## மறைவிடம் அமைக்கும் முறை

பிராணி ஏற்கெனவே எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். மேசைக்கடி, அலமாரி மூலை, குளியலறை என எதுவாக இருந்தாலும் அதுதான் தொடக்கப் புள்ளி. நீங்கள் விரும்பும் இடத்தை அதன்மேல் திணித்தால் நிலைக்காது.

1. வெளிச்சுவர் குறைந்த, ஜன்னல் இல்லாத அல்லது சிறு ஜன்னல் உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள். கனத்த திரையோ மடித்த போர்வையோ கொண்டு ஜன்னலை மறையுங்கள்.
2. அறை விளக்கை எரியவிடுங்கள். இருட்டறையில் மின்னல் சுளீரென்று தெரியும். வெளிச்ச அறையில் அதன் வேறுபாடு மங்கிவிடும். செலவில்லாத வேலை, பலன் உடனே தெரியும்.
3. கூண்டு வைத்திருந்தால் மூன்று பக்கம் போர்த்தி, முன்பக்கத்தைத் திறந்தே வையுங்கள். பீதியில் பூட்டப்பட்ட கூண்டின் கம்பியைக் கடித்துப் பல் உடைத்துக்கொள்ளும் நாய்கள் உண்டு.
4. தரையில் மெத்தை அல்லது இரண்டு, மூன்று மடிப்புப் போர்வை விரியுங்கள். தரை அதிர்வு குறையும்.
5. நீங்கள் உடுத்திக் கழற்றிய, துவைக்காத துணி ஒன்றைப் போடுங்கள்.
6. காற்றோட்டம் வேண்டும். மூச்சிரைக்கும் பிராணி உடல் சூட்டை மூச்சு வழியாகவே வெளியேற்றுகிறது. அடைத்த அறையில் அது முடியாது. பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு இது உயிர் ஆபத்து.

மழையற்ற நாட்களில் தினமும் அங்கே தீனி, தூக்கம், விளையாட்டு நடக்க வேண்டும். இடி நாளில் மட்டும் திறக்கும் அறை, கொஞ்ச நாளில் இடியின் அறிவிப்புப் பலகையாகிவிடும்.

## சத்தத்தின்மேல் சத்தம் போர்த்துதல்

இடியோசையை அறைக்குள் வராமல் தடுக்க முடியாது. அது தனித்துத் தெரியாமல் செய்யலாம். இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். கைப்பேசியில் ஓடும் இரைச்சல் ஒலி பெரும்பாலும் ‘உஸ்’ என்ற உயர்ந்த ஒலி. கனத்த உறுமலை அது மறைக்காது. தாழ்ந்த, சீரான ஓசை தேவை: பெரிய மின்விசிறி, துணி துவைக்கும் இயந்திரம், அல்லது நல்ல ஒலிபெருக்கியில் ‘பழுப்பு இரைச்சல்’ எனப்படும் அடங்கிய ஒலி. இடி தொடங்கும் முன்பே போட்டு, சாதாரணப் பேச்சு அளவில் வையுங்கள். இடியை வெல்ல வேண்டுமென்று அலறவிட்டால் அதுவே புதிய பயமாகும்.

மெல்லிய இசை உதவும். ஆனால் ஒரே தொகுப்பை நாள்கணக்கில் ஓடவிட்டால் அதன் பலன் தேயும் என்று நாய்க் காப்பகங்களில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாற்றி மாற்றிப் போடுங்கள்.

## மழை வரும் நாளின் வரிசை

1. வானிலை எச்சரிக்கை வந்ததும்: நடையையும் ஓட்டத்தையும் முன்கூட்டியே முடியுங்கள். நன்றாக ஓடி, வயிறும் சிறுநீர்ப்பையும் காலியான நாய்க்குப் பதற்றம் குறைவு.
2. ஒரு மணி நேரம் முன்: திரை, விளக்கு, மின்விசிறி, தண்ணீர். ஜன்னல்களை அவசரமில்லாமல் மூடுங்கள். வாசல், பால்கனிக் கதவுகளைத் தாழிட்டுச் சரிபாருங்கள்.
3. அடையாளம்: பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள கழுத்துப்பட்டை கட்டாயம். பீதியில் ஓடும் நாய் திரும்பும் வழியைப் பார்த்துக்கொண்டு ஓடுவதில்லை. தோலுக்கடியில் மைக்ரோசிப் பொருத்தியிருந்தால் அதில் பதிந்த எண் இன்னும் உங்களுடையதுதானா என்று பாருங்கள்.
4. இடி நடக்கும்போது: நீங்கள் அந்த அறையிலேயே இருந்து, வழக்கமான வேலையைச் செய்யுங்கள்.
5. வெளியே போக வேண்டிவந்தால்: மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளியை எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 நொடி ஆகும். 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது; வெளியே போகாதீர்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகு, கயிற்றோடு மட்டும் அழைத்துச் செல்லுங்கள்.

நாயை மரத்தடியிலோ இரும்புச் சங்கிலியிலோ கட்டி வெளியே விடக் கூடாது. முற்றத்து நாய்க்கூடு மின்னலிலிருந்து காக்காது.

## ஒவ்வோர் இடிக்கும் ஒரு துண்டு

வீட்டு முறைகளில் எதற்கு அதிக நம்பிக்கை வைக்கலாம் என்று கேட்டால், இதற்குத்தான். இடி கேட்டதும் அடுத்த நொடியே மிகப் பிடித்த தீனியில் ஒரு துண்டு, அல்லது ஒரு நொடி விளையாட்டு. பயந்தாலும் கொடுக்க வேண்டும், பயப்படாவிட்டாலும் கொடுக்க வேண்டும். நல்ல நடத்தைக்கான கூலியாக இதைக் கொடுப்பதில்லை; ‘இடி என்றால் சுவையானது வரும்’ என்ற புதிய முடிச்சைப் போடுகிறோம். பட்டாசுக்குப் பயப்படும் நாய்களை வளர்க்கும் 1,225 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பு 2020 ஆம் ஆண்டு வெளியானது. சத்தம் கேட்டதும் தீனியோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டோர் பலன் தெரிந்ததாகச் சொன்னார்கள். நாயை உடல் தளர்ந்து அமைதியாக இருக்கப் பழக்கும் தளர்வுப் பயிற்சிக்கும் ஏறத்தாழ அதே அளவு. உடலை இறுக்கும் அங்கிக்கு 44 சதவீதம். மூலிகை, ஃபெரோமோன் (விலங்குகள் தம் இனத்துக்குச் சைகையாகச் சுரக்கும் வாசனைப் பொருள்), ஊட்டப் பொருட்கள் போன்றவற்றுக்கு 27 முதல் 35 சதவீதம் மட்டுமே. மருந்தே இல்லாத பொருளைக் கொடுத்தாலும் வரக்கூடிய அளவு அது.

செய்யும்போது அளவு முக்கியம். நிமிடத்துக்கு ஒரு இடி என்றாலும் ஒரு மணி நேரத்துக்கு 60 துண்டு ஆகும். வேகவைத்த கோழி இறைச்சியைக் கடலைப் பருப்பு அளவுக்கு நறுக்கி மூடிய டப்பாவில் தயாராக வையுங்கள்; அன்றைய சாப்பாட்டில் அந்த அளவைக் குறையுங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்கக் கூடாது. திராட்சை, சாக்லேட் இரண்டும் நாய்க்கு நஞ்சு.

துண்டை வாங்க மறுத்தால் வாயில் திணிக்க வேண்டாம். நக்கும் தட்டில் கெட்டியான, உப்பில்லாத தயிரையோ வேகவைத்த பூசணி விழுதையோ தடவிக் கொடுத்துப் பாருங்கள். நக்குவதும் மெல்லுவதும் நாயைத் தளர்த்தும். கடலை வெண்ணெய் தடவுவதானால் பொருட்பட்டியலில் சைலிட்டால் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த இனிப்புப் பொருள் சிறிதளவே உள்ளே போனாலும் நாயின் ரத்தச் சர்க்கரையைச் சடாரென இறக்கும்.

## ஒலிப்பதிவுப் பயிற்சி

மழைக்காலம் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை உள்ள இடைவெளியில் செய்ய வேண்டியது இது. பயம் கிளம்பாத அளவுக்குச் சிறிதாக ஒலியைக் கேட்கவைத்து, அதோடு தீனியை இணைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஒலியைக் கூட்டுவதுதான் முறை.

1. குறைந்தது மூன்று வெவ்வேறு இடியோசைப் பதிவுகளை எடுங்கள். ஒரே பதிவில் பழகிய நாய் அந்த ஒன்றுக்கு மட்டுமே பழகும்.
2. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கி கனத்த உறுமலைத் தராது. பெரிய ஒலிபெருக்கியை நாயிடமிருந்து மூன்று, நான்கு மீட்டர் தள்ளி வையுங்கள்.
3. உங்கள் காதுக்கே கேட்கிறதா இல்லையா என்ற அளவில் தொடங்குங்கள். நாயின் காது ஒருமுறை அசைய வேண்டும். அதற்குமேல் எதுவும் நடக்கக் கூடாது.
4. முதலில் ஒலி. ஓரிரு நொடிக்குள் தீனி. ஒலி நின்றதும் தீனியும் நிற்க வேண்டும்.
5. ஒரு அமர்வு 5 முதல் 10 நிமிடம். நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு.
6. ஒலி கேட்டதும் “எங்கே என் துண்டு?” என்று நாய் உங்களைத் திரும்பிப் பார்க்கும் நேரம் வரும். அடுத்தடுத்த இரண்டு அமர்வுகளில் அப்படி நடந்தால் மட்டும் ஒரு படி கூட்டுங்கள்.
7. கொட்டாவியோ உதடு நக்கலோ தெரிந்தால் ஒலியை நிறுத்துங்கள். மறுநாள் இரண்டு படி கீழிருந்து தொடங்குங்கள்.
8. ஒலி பழகிய பிறகு மழைச் சத்தம், கேமராவின் மின்னொளி, இருட்டிய அறை என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம் ஒலியைப் பாதியாகக் குறையுங்கள்.

வாரங்கள் ஆகும், பல நாய்களுக்கு மாதங்கள்.

இது கெட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. அவசரப்பட்டு ஒலியைக் கூட்டுவது முதல் தவறு. தீனியை முதலில் காட்டி ஒலியைப் பிறகு போடுவது இரண்டாவது. நாய் அந்தத் தீனியையே இடியின் முன்னறிவிப்பாகக் கற்றுக்கொண்டு, அதைக் கண்டதும் ஓடத் தொடங்கும். மூன்றாவது, மறைவிடத்திலேயே பயிற்சி நடத்துவது. இருந்த ஒரே அடைக்கலமும் கறைபட்டுவிடும். பயிற்சி இன்னொரு அறையில் நடக்கட்டும்.

பதிவில் பழகிய நாய் உண்மையான புயலில் மறுபடி நடுங்கலாம். காற்றழுத்தமும் வாசனையும் தரை அதிர்வும் ஒலிபெருக்கியில் வருவதில்லை. நடுக்கம் முன்பைவிடக் குறைந்த நேரம் நீடித்தால் பயிற்சி வேலை செய்கிறது என்றே கொள்ளுங்கள்.

குட்டி நாய்களுக்கு இது இன்னும் எளிது. ஏறத்தாழ 3 முதல் 14 வாரம் வரையிலான பருவத்தில் கேட்டுப் பழகியவற்றை அவை இயல்பாக ஏற்கின்றன. அந்த நாட்களில் சாப்பாட்டு வேளையில் மெல்லிய இடியோசை ஒலித்தாலே பின்னாளில் பெரிய உதவி.

## ‘இயற்கை’ என்ற பெயரில் கிடைப்பவை

இறுக்க அங்கி: உடம்பைச் சுற்றி மிதமாக அழுத்தும் துணி. சில நாய்களுக்கு உதவும், சிலவற்றுக்குச் சிறிதும் உதவாது. துணிக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். மழையற்ற நாட்களில் 5, 10 நிமிடம் தீனியோடு அணிவித்துப் பழக்குங்கள். அணிந்ததும் சிலைபோல நின்றால் அமைதி என்று நினைக்காதீர்கள்; அது முடக்கம், கழற்றிவிடுங்கள். அணிந்திருக்கும்போது அவ்வப்போது கையை விட்டுச் சூடு ஏறுகிறதா என்று பாருங்கள்.

ஃபெரோமோன்: தாய் நாய் குட்டிகளுக்குப் பாலூட்டும்போது சுரக்கும் பொருளின் செயற்கை நகல். பூனைக்கு வேறு வகை. அது கன்னத்தைத் தேய்க்கும்போது விட்டுச்செல்லும் வாசனையின் நகல். மனித மூக்குக்குத் தெரியாது. மின்செருகிக் கருவியாக வாங்கினால் ஒரு குப்பி ஏறத்தாழ ஒரு மாதம் வரும். மறைவிடம் உள்ள அறையிலேயே, குறைந்தது ஒரு நாள் முன்னதாகச் செருக வேண்டும். சோபாவுக்குப் பின்னாலோ திரைக்கடியிலோ செருகினால் பயனில்லை. ஆபத்தில்லாதது, ஆனால் இதை மட்டுமே நம்பி இருக்க வேண்டாம்.

ஊட்டப் பொருட்கள்: தேயிலையில் உள்ள எல்-தியனைன், பால் புரதத்திலிருந்து எடுக்கும் ஆல்ஃபா-காசோசெபைன், மெலடோனின் ஆகியவை பேசப்படுகின்றன. லேசான பதற்றத்துக்குச் சிறு உதவி கிடைக்கலாம். மெலடோனினில் ஒரு கண்ணி இருக்கிறது: மனிதர்களுக்கான மென்று தின்னும் வகைகள் சிலவற்றில் சைலிட்டால் சேர்க்கிறார்கள். அளவை எடைக்கேற்பக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும்.

நறுமண எண்ணெய்: இங்கே கட்டாயம் எச்சரிக்கை வேண்டும். பூனையின் கல்லீரலில் இந்த வகைச் சேர்மங்களை உடைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. தேயிலை மர எண்ணெய் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. பறவையின் சுவாச மண்டலம் புகைக்கும் ஆவிக்கும் எளிதில் பலியாகும். பூனையோ பறவையோ உள்ள வீட்டில் ஆவி பரப்பும் கருவியே வேண்டாம். நாயின் மேல்தோலிலும் தடவாதீர்கள், நக்கி விழுங்கிவிடும்.

ரோமத்தில் தேங்கும் நிலைமின்சாரம்தான் காரணம் என்ற கருத்தும் உண்டு, உறுதிப்படவில்லை. அதை நம்பித் துணி உலர்த்தும் இயந்திரத்தில் போடும் மணத்தாளால் நாயைத் துடைப்பவர்கள் அந்த வேதிப்பொருள் நாக்கில் படும் என்பதை எண்ண வேண்டும். ஈரத்துணி போதும்.

## பூனை, முயல், பறவை

பூனையை அது ஒளிந்த இடத்திலிருந்து இழுத்து எடுக்கக் கூடாது. உயரமான தட்டு, கவிழ்த்த அட்டைப்பெட்டி, திறந்த பயணக் கூடை என்று இரண்டு, மூன்று ஒளிவிடங்கள் வையுங்கள். தண்ணீரும் மணல் தட்டும் அருகிலேயே இருக்கட்டும். புயலுக்குப் பின் இரண்டு நாள் மணல் தட்டைக் கவனியுங்கள். மனவுளைச்சல் பூனையின் சிறுநீர்ப்பை அழற்சியைத் தூண்டக்கூடியது. ஆண் பூனை அடிக்கடி தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அது அடைப்பாக இருக்கலாம். அந்த மணி நேரத்திலேயே மருத்துவரிடம் போக வேண்டும்.

முயல் பின்காலால் தரையை அறையும் அல்லது கல்லாய் உறையும். இரண்டு வாசல் உள்ள ஒளிவிடம் வேண்டும். ஒரே வாசல் என்றால் அதற்குப் பொறிபோலத் தோன்றும். எந்நேரமும் உலர்புல் இருக்க வேண்டும். பயந்த முயல் தின்பதை நிறுத்தினால் குடல் இயக்கமே நின்றுவிடும். 12 மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அவசர நிலை.

கூண்டுப் பறவைகள், குறிப்பாகக் காக்கடீல்கள் எனப்படும் கொண்டையுள்ள சிறு கிளிகள், இரவில் மின்னல் வெட்டியதும் இருட்டில் சிறகடித்துக் கம்பியில் மோதும். மூன்று பக்கம் போர்த்தி, அருகில் மங்கலான இரவு விளக்கு வைத்தால் கம்பியும் கொம்பும் கண்ணுக்குத் தெரியும். காலையில் சிறகில் ரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள்.

## வீட்டு முறை எங்கே முடிகிறது

நாலைந்து வயதுவரை இடியைச் சட்டையே செய்யாத நாய் திடீரெனப் பயப்படத் தொடங்கினால், முதலில் உடம்பில் வலியைத் தேடுங்கள். 2018 இல் வெளியான ஒரு சிறு ஆய்வில் 20 நாய்களை ஒப்பிட்டார்கள். மூட்டு, தசை வலி இருந்தவற்றுக்கு ஒலிப்பயம் சராசரியாக ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்தது. சத்தத்துக்குத் திடுக்கிடும்போது தசை இறுகி, வலிக்கும் மூட்டு இன்னும் வலிக்கிறது. அந்த வலி சத்தத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படிப்பட்ட நாய்க்கு வலி குறையாமல் எந்தப் பயிற்சியும் ஏறாது. முதிய நாய் என்றால் நினைவுக் குறைபாடும் காரணமாகலாம்.

தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, தப்பி ஓடுவது, புயல் முடிந்து மணிக்கணக்கில் தவிப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் மருந்து பற்றிக் கேளுங்கள். மருந்து கேட்பதை வளர்ப்பவரின் தோல்வியாக நினைத்து ஒவ்வொரு மழைக்காலமும் தள்ளிப்போடுபவர்கள் பலர். அந்தத் தள்ளிப்போடலில் பயம் ஆழமாக வேரூன்றுகிறது. மேலே சொன்ன 2020 கணக்கெடுப்பில் மருத்துவர் எழுதிய மருந்தால் பலன் கண்டவர்கள் 69 சதவீதம். அசெப்ரோமசின் என்ற பழைய மருந்து பற்றி மட்டும் எச்சரிக்கை: தனியாகக் கொடுத்தால் உடலை அசையவிடாமல் செய்யும், உள்ளே பயத்தைக் குறைக்காது. பீதிக்கென்றே உள்ள மருந்துகள் பலவற்றை இடி தொடங்கும் முன்பே கொடுத்தால்தான் வேலை செய்யும். எவ்வளவு நேரம் முன்பு, சாப்பாட்டுடனா வெறும் வயிற்றிலா என்று எழுதி வாங்குங்கள். முதல் வேளையை இடியில்லாத நாளில் கொடுத்து, மயக்கமோ கிளர்ச்சியோ வருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. மனிதர்களின் தூக்க மாத்திரையும் வலி மாத்திரையும் தொடவே கூடாது. பாரசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும்.

மருத்துவரிடம் போகும்போது பிராணி அமைதியாகவே நிற்கும். அதனால் அடுத்த இடி நாளில் இரண்டு நிமிடக் காணொளி எடுத்து வையுங்கள். அதோடு ஒரு தாளில் தேதி, முதல் கொட்டாவி அல்லது முதல் நடை தொடங்கிய நேரம், முதல் இடி கேட்ட நேரம், தீனி வாங்கியதா, மீண்டும் படுத்துத் தூங்கிய நேரம் ஆகிய ஐந்தையும் குறியுங்கள். மூன்று புயலுக்கான குறிப்பு இருந்தால், மருந்தை எத்தனை மணிக்குக் கொடுக்க வேண்டும் என்பதையும் பயிற்சி பலிக்கிறதா என்பதையும் அந்தத் தாளிலிருந்தே படித்துவிடலாம்.